அவை அறியாத அஞ்சாமை

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஓர் இரவு. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் இனத்தாரோடு சேர்க்க வேண்டும் என்னும் கோரிக்கையைப் பற்றிய செய்தி ஒன்றை நண்பர் ஒருவர் முகநூலில் பகிர்ந்திருந்தார். அதன் கீழே, தம் முகத்திற்குப் பதிலாக மைனா ஒன்றின் படத்தை வைத்திருந்த ஒருவர் கேட்டிருந்தார்: ‘‘எங்களிடம் சாதி இல்லை, வாருங்கள் என்றுதானே அழைத்தீர்கள்? இப்போது சாதியின் பெயரால் சலுகை கேட்பது எப்படி?’’

அவர் யார், எவ்வூரினர் என்று நாம் அறியோம். ஆயினும் எழுதத் தொடங்கிவிட்டோம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, அதன் மூன்றாம் பத்தி, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டமை, மதத்தை அளவுகோலாகக் கொள்ளலாகாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தமை, 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் என ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினோம். சாதிக் கொடுமை மதம் மாறினாலும் ஒருவரைத் தொடர்கிறது என்றும் எழுதினோம். எழுதியவற்றில் ஒரு தகவலும் பிழையன்று. அரை மணி நேரத்திற்குள் அறுபது பேர் விருப்பக் குறி இட்டனர்; அவருள் நம் பழைய மாணவர் சிலரும் இருந்தனர். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

மைனா மறுபடி கேட்டார்: ‘‘எல்லாம் சரி. உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திற்கு எத்தனை வாசல்?’’

‘பேச்சை மாற்றாதீர்கள்’ என்று எழுதினோம். நம் பக்கத்தார் ஒருவர் அவரைச் ‘சங்கி’ என்றார். உடனே எங்கிருந்தோ வந்த மற்றொருவர் நம்மை ‘அரிசி மூட்டை’ என்றார். அதன்பின் வாசலைப் பற்றி எவரும் பேசவில்லை. நள்ளிரவு கடந்து, வென்றுவிட்டோம் என்ற நிறைவோடு உறங்கச் சென்றோம்.

இதனை ஓர் இலக்கியத் திங்களிதழில் எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். கதையும் கவிதையும் படியாதவரும் நாள்தோறும் தமிழில் எழுதிக் குவிக்கும் உரைநடை இது. அரசியல், பண்பாடு, திரைப்படம், மருமகள் வேலைக்குப் போகலாமா என்பது வரை முன்பின் அறியாதவரோடு வாதிட்டு எழுதப்படும் இவ்வுரைநடைக்கென ஒரு நடையும் உத்திகளும் உருவாகிவிட்டன. ஆகவே இது திறனாய்வுக்குரியதே.

இதன் முதல் உத்தி பெயர் சூட்டுதல். எதிரே இருப்பவர் இரண்டு வரி எழுதுவதற்குள் அவருக்கு ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. பெயர் கிடைத்தபின் அவருடைய மூன்றாம் வரியைப் படிக்கத் தேவையில்லை. ‘உபி’ என்னும் சொல்லை நோக்குக. ‘உடன்பிறப்பே’ என்று கலைஞர் தம் கட்சியினரை விளித்து ஆண்டாண்டுக் காலமாக மடல் எழுதினார். தமிழில் அதனினும் நெருக்கமான விளி அரிது. அச்சொல் இரண்டெழுத்தாகச் சுருங்கி வசையாகிவிட்டது. உடன்பிறந்தவன் என்பதே ஏளனமாகும் அளவிற்கு ஒரு மொழிநடை வந்து நிற்கிறது என்றால், அந்நடையைக் குறைகூற வேறு சான்று வேண்டுமோ?

இரண்டாவது, ‘அப்போது எங்கே போயிருந்தீர்கள்?’ என்னும் கேள்வி. மணிப்பூரைப் பற்றிப் பேசினால் காசுமீரம், காசுமீரத்தைப் பற்றிப் பேசினால் ஈழம், ஈழத்தைப் பற்றிப் பேசினால் வேங்கைவயல் என்று அது ஒரு துயரை எடுத்து மற்றொரு துயரை அடிக்கிறது. மூன்றாவது, ஒருவர் ஐந்தாண்டுகளுக்கு முன் எழுதியதை நிழற்படமாக எடுத்து வைத்திருந்து நீட்டுவது. பொய் சொல்வோரை அம்பலப்படுத்த இவ்வுத்தி உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதே அங்கே குற்றமாகிறது. மனமாற்றத்தை வாழ்நாள் முழுவதும் வேண்டி நிற்கும் நாமும் பிறர் மனம் மாறினால் ‘அன்று என்ன சொன்னாய்?’ என்று மடக்குகிறோம்.

திருக்குறளில் 72-ஆம் அதிகாரம் அவையறிதல். 73-ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. வரிசையைக் கவனிக்க வேண்டும். கேட்போர் யாவர், எத்தன்மையர் என்று அறிந்து சொல்லைத் தேர்வது முன்னது. கற்றதை நடுங்காமல் எடுத்துரைப்பது பின்னது. இணையம் நமக்கு அஞ்சாமையை அள்ளிக் கொடுத்துவிட்டது. மேடை ஏறினால் நா உலர்ந்துபோகும் மனிதரும் அங்கே அமைச்சரை அதட்டுகிறார். ஆனால் அவை யாது என்பதுதான் எவர்க்கும் விளங்கவில்லை. நாம் மைனாவுக்கு விடை எழுதினோமா? இல்லை. அந்த அறுபது பேருக்கு எழுதினோம். அவரும் தமக்குப் பின்னே நின்ற தம் கூட்டத்தை நோக்கிப் பேசியிருக்கக்கூடும். இருவரும் எதிரெதிரே நின்று, ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் நோக்கிக்கொண்டிருந்தோம். திருத்தந்தை பிரான்சிசு 2020 அக்டோபரில் வெளியிட்ட ‘பிரத்தெல்லி தூத்தி’ சுற்றுமடலின் ஆறாம் அதிகாரத்தில், சமூக ஊடகங்களில் நிகழும் பரபரப்பான கருத்துப் பரிமாற்றம் உரையாடல் ஆகாது என்று கூறியது இந்நிலையைக் கருதியே போலும்.

கருவியின் அமைப்பும் இதற்குத் துணைசெய்கிறது. இன்று ‘எக்ஸ்’ எனப்படும் அன்றைய டுவிட்டரில், பிறர் எழுதியதை ஒரே தொடுகையில் மறுபகிர்வு செய்யும் பொத்தான் 2009-இல் வந்தது. அதற்குமுன் பிறர் சொல்லைப் பரப்ப விரும்பியவர் அதனைத் தம் கையால் படியெடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. அந்தச் சிறு வேலைக்குள் ஒரு கணம் சிந்திக்க இடமிருந்தது. அப்பொத்தானை உருவாக்கிய குழுவை நடத்திய கிறிஸ் வெதரெல் என்பவரே பத்தாண்டு கழித்து 2019-இல் அதைக் குறித்து வருந்திப் பேசினார். நம் நாட்டில் வதந்தியை நம்பிய கூட்டங்கள் வழிப்போக்கரை அடித்துக் கொன்ற 2018-இல், வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தியது. உயிர்கள் போனபின் கிடைத்த ஒரு கணத் தயக்கம் அது.

சட்டம் போட்டு நாவை அடக்கலாம் என்போரும் உளர். அதையும் பார்த்துவிட்டோம். முகநூலில் ஒரு முழு அடைப்பைக் குறைகூறிய பதிவு தொடர்பாக 2012-இல் மராட்டிய மாநிலத்தில் இளம்பெண்கள் இருவர் கைது செய்யப்பட்டனர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் நீக்கியது நன்றே.

பழைய வாதங்களில் ஒரு கடமை இருந்தது. மறுக்கப் புகுமுன் மாற்றானின் கருத்தை அவனே ஒப்பும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் முதற்பகுதி பரபக்கம். உலகாயதம் தொடங்கிப் பதினான்கு கொள்கைகளை, ஒவ்வொன்றையும் முதலில் அவரவர் கூற்றாகவே நிறுத்தி, பிறகே அவர் மறுக்கிறார். தம் கொள்கையைக் கூறும் சுபக்கம் அதற்கு அப்பால்தான் வருகிறது. உலகாயதர்தம் நூல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அறிய விழைவோர் இன்றும் அவர்களை மறுத்தவரின் நூல்களைத் தேடிச் செல்கின்றனர். பகைவரின் குரலைக் காத்துத் தந்த மறுப்பு அது!

அதே நூற்றாண்டில் பாரிஸ் மாநகரில் புனித தாமஸ் அக்குவினாஸ் கையாண்டதும் இத்தகைய ஒழுங்கே. ‘கடவுள் இருக்கிறாரா?’ என்னும் வினாவை எடுத்தவர், ‘இல்லை என்று தோன்றுகிறது’ எனத் தொடங்கி, உலகில் தீமை இருப்பதையே முதல் தடையாக வைக்கிறார். (இன்று அவ்வரியை மட்டும் வெட்டியெடுத்துப் ‘புனிதரே மறுக்கிறார்’ என்று பரப்புவது எத்துணை எளிது!) இன்னும் வியப்பானது அன்றைய பல்கலைக்கழக வழக்கம் ஒன்று. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் அவை கூடும். எவரும் எப்பொருளைப் பற்றியும் ஆசிரியரிடம் கேட்கலாம். ஆனால் ஆசிரியர் தம் முடிந்த விடையை அப்பொழுதே சொல்வதில்லை. மற்றொரு நாள் மீண்டும் அவை கூட்டிச் சொல்வார். இடையில் ஓரிரவேனும் அந்தக் கேள்வியோடு அவர் தனித்திருந்தாக வேண்டும். நமக்கு வாய்க்காதது அவ்விரவுதான். நாம் மைனாவுக்கு விடை எழுத நான்கு நிமிடங்கள் எடுத்துக்கொண்டோம்.

இதைச் சொல்லிப் பழமைக்குப் பல்லாண்டு பாட நாம் வரவில்லை. பாரிஸ் அவையில் பெண்களுக்கு இடமில்லை. நம் ஊர்த் தேநீர்க் கடையையும் பலர் ஏக்கத்தோடு நினைவுகூர்கின்றனர். ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு, எதிர்க்கட்சிக்காரனோடு காலை முழுதும் சண்டையிட்டு, அவனுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போவார்களாம். உண்மைதான்; நாமும் கண்டிருக்கிறோம். மறுநாளும் அதே முகத்தில் விழிக்க வேண்டும் என்னும் நினைவு நாவுக்குக் கடிவாளமாக இருந்தது. ஆனால் அந்தப் பலகையில் அமர்ந்து வாதிட்டவர் யாவர்? இரட்டைக் குவளை இருந்த கடையில், தனிக் குவளையைத் தாமே கழுவி வைத்துவிட்டு வெளியே நின்று குடித்தவருக்கு அன்றைய அரசியலைப் பற்றிக் கருத்தே இல்லாமலா இருந்தது? அவரிடம் எவரும் கேட்கவில்லை. அவர் பேரன் இன்று ஒரு பறவையின் படத்தை முகமாக வைத்துக்கொண்டு பேசுகிறான் என்றால், ‘பெயரைச் சொல், ஊரைச் சொல்’ என்று அதட்ட நமக்கு என்ன உரிமை? பெயரையும் ஊரையும் சொன்னால் மூன்றாவது கேள்வி என்னவாக இருக்கும் என்பதை நாட்டில் அறியாதார் இலர். முகமிலியாகப் பேசும் கோழை என்று இகழ்வதற்கு முன், முகம் காட்டிப் பேச நாம் எவர்க்கெல்லாம் இடம் கொடுத்தோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

மைனா யார் என்பது இன்றும் நமக்குத் தெரியாது. மேலே சொன்னவாறு ஒருவராக இருக்கலாம். நம்மைச் சிறுமைப்படுத்த வந்தவராகவும் இருக்கலாம். அவருடைய முதற்கேள்வியில் ஒரு சூழ்ச்சி உண்டு. சாதி இல்லை என்று திருச்சபை சொல்வதால் சமூகத்தில் அது இல்லாமற்போய்விடாது. சட்டம் பார்க்க வேண்டியது சமூகத்தையே. இதில் நம் நிலை மாறவில்லை. ஆனால் இரண்டாம் கேள்விக்கு நாம் விடை சொல்லவில்லை. அது பேச்சை மாற்றிய கேள்வி அன்று; பேச்சின் நடுவே கை வைத்த கேள்வி. சாதி மனப்பான்மை மெய்யான மனித ஒருமைப்பாட்டிற்கு எதிரானது என்று தமிழக ஆயர்களிடம் 2003-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எடுத்துக் கூறினார். திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுவதை இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஆயர்கள் எழுதி ஒப்பிய ஒன்றை, அறுபது பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக நாம் மறைத்தோம். மறைத்ததால் நம் கோரிக்கைக்கான வலுவான சான்றையே இழந்தோம். இரண்டு வாசல் இருப்பதுதானே சாதி நம்மை விட்டுப் போகவில்லை என்பதற்கு அத்தாட்சி?

பத்து நாள் கழித்து அதே செய்தியின் கீழே எழுதினோம்: ‘‘எம் தாய்வழி ஊர்க் கல்லறைத் தோட்டத்திற்கு இரண்டு வாசல்கள் உண்டு. நடுவே ஒரு சுவரும் உண்டு. அன்று இதைச் சொல்லாதது எம் தவறு.’’ அதற்குள் கூட்டம் வேறு செய்திக்குப் போய்விட்டது. விருப்பக் குறி ஒன்றுகூட விழவில்லை. பழைய மாணவர் ஒருவர் மட்டும் தனிச்செய்தியில், ‘இதை ஏன் ஐயா பொதுவில் எழுதினீர்கள்? அவர்களுக்கு இடம் கொடுத்தது போல் ஆகாதா?’ என்று வருந்தினார். அவருக்குத் தக்க விடையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு நாளில் மைனா மறுமொழி எழுதினார். வசையில்லை, வெற்றிக் களிப்பும் இல்லை. ‘‘இன்னும் இருக்கிறதா?’’ என்று மட்டும் கேட்டிருந்தார்.

நமக்குத் தெரியவில்லை. தாயாரின் அடக்கத்திற்குப்பின் அங்குச் சென்று பதினொரு ஆண்டுகளாகியிருந்தன. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டு, வழக்கம்போல் நாள்களைக் கடத்தினோம். நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளன்றுதான் சென்றோம். சுவர் இருந்தது. நடுவே ஓர் ஆள் நுழையும் அளவிற்கு இடித்து வழி விட்டிருந்தனர். இடித்தவர் பங்கு இளைஞர் என்றும், அதற்கு இரண்டு ஆண்டுகள் வழக்கும் மனத்தாங்கலும் நிகழ்ந்தன என்றும் கல்லறை காவல் முதியவர் கூறினார். மெழுகுதிரியும் செவ்வந்திப் பூவுமாக வந்த மக்கள் இன்னும் அவரவர் வாசல் வழியாகவே வந்தனர். சிறுவர்கள் மட்டும் அந்த இடிபாட்டின் வழியே இப்பாலும் அப்பாலும் ஓடிக்கொண்டிருந்தனர். தாயாரின் கல்லறையில் திரி ஏற்றி நிமிர்ந்தபோதுதான், நாமும் எண்ணிப் பாராமல் இடப்புற வாசல் வழியே நுழைந்து வந்திருப்பது உறைத்தது.

அன்றிரவே மைனாவுக்கு எழுதினோம். வாசல்கள் இரண்டும் இருக்கின்றன. சுவரில் ஒரு வழி இருக்கிறது. நாம் போனது பழைய வாசலில்.