உன்னிச்சைக் குளமும் கணிக்கும் பொறியும்

2022 இல் சாட்ஜிபிடி வெளிவந்தபின், செயற்கை நுண்ணறிவு தொழில்களையெல்லாம் விழுங்கும் என அஞ்சுவோரும், அனைத்தையும் அதுவே ஆற்றும் எனப் போற்றுவோரும் பெருகியுள்ளனர். இருசாராரும் தொழிலை வெறுங் கணக்காகவே காண்கின்றனர்.

உன்னிச்சைக் குளத்தை நோக்குக. மழையளவையும் நீர்மட்டத்தையும் கொண்டு நீர்வரவை முன்னுரைக்கப் பொறி வல்லது. அலுவலகப் பதிவுகளையும் விரைந்து தொகுத்துவிடும். இவை பயனுடையனவே. ஆயின், அக்குளம் வயலுக்கு மட்டுமன்றி மட்டக்களப்பு நகரின் குடிநீர்க் குழாய்களுக்கும் நீர் தருகின்றது. சிறுபோகத்தில் நீர் குறையின் எக்கண்டத்தைத் தரிசாக விடுவது? அது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் உழவர் முகம் நோக்கித் தீர்க்கவேண்டிய வழக்கு. மேலும், வாய்க்கால் எங்கெங்கே கசியும் என்பது பெரும்பாலும் வட்டை விதானையாரின் நினைவிலேயே உள்ளது. ஏட்டில் ஏறாததைப் பொறி கற்பதெங்ஙனம்? கணிப்புப் பிழைத்து வெள்ளாண்மை கருகினால் உழவன் பொறியிடம் முறையிட இயலாது. விதானையாரின் படலையையோ அவன் நள்ளிரவிலும் தட்டலாம்.