தங்க நூலில் தைத்த எழுத்து

நத்தானியேல் ஹாதோர்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' (1850) நாவலில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது கடைசி அத்தியாயம்தான். மகள் பேர்லோடு கடல் கடந்து போய்விட்ட ஹெஸ்டர், பல ஆண்டுகள் கழித்து பாஸ்டனுக்குத் தனியாகத் திரும்பி வருகிறாள். யாரும் சொல்லாமலேயே அந்தச் சிவப்பு 'ஏ' எழுத்தை மறுபடி நெஞ்சில் அணிந்துகொள்கிறாள். ஏன்? ஊரிடம் தோற்றுப்போனாளா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1640களின் பியூரிட்டன் பாஸ்டனில் பாவமும் குற்றமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கள்ள உறவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தை அணியச் சொன்னார்கள். அவளோ அதைத் தங்க நூலால் அலங்கரித்துத் தைத்தாள். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஓடி ஓடி உழைத்தாள். கடைசியில் ஊரில் பலர் அந்த எழுத்துக்கு 'ஏபிள்', அதாவது திறன் படைத்தவள், என்று பொருள் சொல்ல ஆரம்பித்தார்கள். எழுத்து ஊர் போட்டது. அர்த்தத்தை மாற்றியது அவள். ஏழு ஆண்டுகள் ஒளித்தே வைத்திருந்த போதகர் டிம்ஸ்டேலுக்கோ, மேடையேறி ஒப்புக்கொண்ட கையோடு உயிரும் போய்விட்டது.

ஹாதோர்னுக்கு இது வெறும் கதையில்லை. 1692இல் சேலத்தில் 19 பேரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய சூனிய வழக்குகளின் நீதிபதிகளில் ஒருவர் அவருடைய மூதாதை. குடும்பப் பெயரில் 'டபிள்யூ' ஒன்றைச் சேர்த்து மாற்றிக்கொண்டவர், இந்த நாவலின் முன்னுரையில் முன்னோரின் வெட்கத்தைத் தானே ஏற்பதாக எழுதினார். ஹெஸ்டர் திரும்பி வந்து செய்ததும் அதைத்தானே?