ரெட்டுக்கு ஐந்தா, மூன்றா?

கோலார் தங்க வயலில் கேரம் போர்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால், முதல் காசை அடிக்கும் முன்பே ஒரு பஞ்சாயத்து நடந்து முடியும். ரெட்டுக்கு ஐந்தா, மூன்றா? கேம் 29-ஆ, 25-ஆ? ஸ்டிரைக்கர் குழியில் விழுந்தால் ஃபைன் எத்தனை? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு வட ஆற்காடு, சித்தூர், சேலம் என்று பல பக்கங்களிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியேறியவர்களின் ஊர் இது. ஆளுக்கொரு விதி வைத்திருப்பதில் வியப்பில்லை. வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பஞ்சாயத்து எப்படி முடிந்தாலும் போர்டை மாற்ற வேண்டியதில்லை. தாத்தா வாங்கிய பலகையில் பேரன் புது விதியில் ஆடுகிறான்.

பழைய சரக்கைக் குப்பையில் போடாமல் விதியைத் திருத்துவது எப்படி என்ற கேள்வியை இன்று உலகில் அதிகமாகப் போட்டு உழப்புகிறவர்கள், பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக்காரர்கள். அவர்களிடம் போகுமுன் நம் கேரத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பழைய கணக்கில் ரெட்டுக்கு 5, கேம் 29. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் சென்னையில் உருவானது. அதன் இன்றைய சட்டத்தில் ரெட்டுக்கு 3, கேம் 25. ஆடுகிறவரின் எண்ணிக்கை 21-ஐத் தாண்டிவிட்டால் ரெட்டுக்கு மதிப்பே கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆட்டம். கூட்டிப் பாருங்கள். எதிராளி ஒரு காசும் போடாமல் தோற்றால் பழைய விதியில் ஒரு போர்டுக்கு ஒன்பதும் ஐந்தும் பதினான்கு. இரண்டு போர்டு அப்படி ஜெயித்தால் 28. கேமுக்கு இன்னும் ஒன்று வேண்டும். புது விதியில் ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு, இரண்டு போர்டுக்கு 24. இங்கும் இன்னும் ஒன்று வேண்டும். எந்த விதியானாலும் மூன்றாவது போர்டு ஆடாமல் கேமை முடிக்க முடியாது. யோசித்துச் செய்தார்களோ, தானாக அமைந்ததோ, ரெட்டின் செல்வாக்கு குறைந்தும் ஆட்டத்தின் நீளம் கெடவில்லை. பலகையின் அளவு, காசின் பருமன், குழியின் வாய் எதிலும் யாரும் கை வைக்கவில்லை. அதனால் பழைய ஆட்டக்காரரின் கை புதுச் சட்டத்திலும் செல்லுபடியானது. 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் தொடங்கி, 2008-இல் வென்ற வியாசர்பாடி இளவழகி, 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் எடுத்த காசிமா வரை சென்னை ஆட்டக்காரர்களின் வரிசை அறுபடாமல் வருகிறது. கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, ரெட்டுக்கு ஐம்பது என்ற பாயிண்ட் ஆட்டமோ எந்தச் சம்மேளனத்தையும் கண்டுகொள்ளாமல் அதே பலகையில் ஓடுகிறது.

சதுரங்கத்தின் கதை இவ்வளவு சுமுகமானதல்ல. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் ராணிக்கும் பிஷப்புக்கும் இன்றைய பாய்ச்சல் வந்தது. அதற்குமுன் அரபு மொழியில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த புதிர் நிலைகளில், ராணியின் பழைய வடிவமான மந்திரியும் பிஷப்பின் பழைய வடிவமான யானையும் வந்தவையெல்லாம் ஒரே அடியில் செத்தன. கோட்டையும் குதிரையும் மட்டும் மோதும் நிலைகள் பிழைத்தன, ஏனென்றால் அந்த இரண்டின் நடை மாறவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-அத்லி சொன்ன கோட்டை - குதிரை முடிவாட்டத்தை இன்றும் பலகையில் வைத்துத் தீர்க்கலாம்.

நம் நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். கடைசிக் கட்டத்தை அடைந்தால் அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். கோட்டை கட்டுவதற்குப் பதில் ராஜா ஒருமுறை குதிரைபோல் தாவலாம். இதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. 1814-இல் பம்பாயில் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி என்பவர் சமஸ்கிருதத்திலிருந்த ஆட்ட நிலைகளை ஐரோப்பிய முறைக்குப் பொருத்தி ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டார். பழைய விதிக்கு எழுதப்பட்ட சரக்கைப் புது விதிக்கு மாற்றித் தரும் கையேடு என்று இன்று விளையாட்டுக் கம்பெனிகள் எதைச் சொல்கின்றனவோ, அதை இருநூறு ஆண்டுக்கு முன்பே செய்தவர் அவர். சதுரங்க வரலாற்றில் அவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது, அநியாயம்.

இதே பொருத்தத்தை ஒரு மனிதரிடமும் பார்க்கலாம். பஞ்சாபின் மீர் சுல்தான் கான் இந்திய முறையில் வளர்ந்தவர். 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார், முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவையும் தோற்கடித்தார். அவரது நடு ஆட்டமும் முடிவாட்டமும் பிரமாதம், தொடக்கம் மட்டும் தடுமாற்றம். சிப்பாய் இரண்டு கட்டம் பாயாத உலகிலிருந்து வந்தவர் வேறெங்கே தடுமாறுவார்? விதி எங்கே மாறியதோ சரியாக அங்கேதான் அவருக்குச் சறுக்கியது.

இனி மேசைக்கு வருவோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்டார்கள். நடத்துநர் ஒருவர் கதைச் சூழலைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிச் செயல்படுவார்கள், சிக்கலான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். இதில் சொத்து என்பது பலகை அல்ல. அலமாரி நிறைய அடுக்கிய சாகசப் புத்தகங்கள். விதி மாறினால் அலமாரிக்கே ஆபத்து.

கோபோல்டு என்ற சின்னப் பிசாசை எடுத்துக்கொள்வோம். ஆரம்பப் பதிப்புகளில் அதன் உயிர்ப்புள்ளி நான்குக்கு மேல் போகாது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு கவசக் கணக்கையே தலைகீழாக்கியது. முன்பு எண் குறைந்தால் பலம், இப்போது கூடினால் பலம். ஆனாலும் பழைய எண்ணை இருபதிலிருந்து கழித்தால் புது எண் வந்துவிடும். விளையாட்டை வெளியிட்ட கம்பெனியே மாற்றுக் கையேடு ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தது. 2008-இன் நான்காம் பதிப்பில் சாதாரணக் கோபோல்டு வீரனுக்கு உயிர்ப்புள்ளி 27. ஒரே அடியில் விழும் வகையும் உண்டென்றாலும் சண்டையின் நீளமே மாறிவிட்டது. ஒரு மாலையில் எட்டுச் சின்னச் சண்டைகள் என்று எழுதிய பழைய சாகசத்தை அந்த விதியில் நடத்தினால் விடிந்துவிடும். இதைச் சரிசெய்ய எந்தக் கழித்தல் கணக்கும் உதவாது. மறு ஆண்டே பைஸோ கம்பெனி, மூன்றாம் பதிப்பின் திருத்தமான 3.5 பதிப்போடு ஒத்துப்போகும் பாத்ஃபைண்டரைக் கொண்டுவந்தது; அலமாரியை விட மனமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். 2014-இன் ஐந்தாம் பதிப்பில் கோபோல்டுக்கு ஐந்து புள்ளி. 2024-இன் திருத்தமும் அந்த அளவுகோலைக் குலைக்கவில்லை; பத்தாண்டுச் சாகசங்களைப் பெரும்பாலும் அப்படியே ஓட்டலாம்.

கால் ஆஃப் துலூ என்ற திகில் விளையாட்டு இதைவிட நேர்த்தியாகச் செய்தது. 1981-இல் தொடங்கியது, 2014-இன் ஏழாம் பதிப்பில் பாத்திரத்தின் குணப்புள்ளிகள் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்குக்கு மாறின. பழைய கதையை எடுத்து அந்தப் புள்ளிகளை ஐந்தால் பெருக்கினால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது.

அறிவிப்புகளில் எல்லாக் கம்பெனியும் புதுப் பதிப்பு பழையதோடு ஒத்துப்போகும் என்றுதான் சொல்லும். அதை நம்ப வேண்டாம். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் நடுவே ஒரே ஒரு கூட்டலோ கழித்தலோ பெருக்கலோ நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது திருத்தம். இல்லையென்றால் அதே பெயரில் வேறு விளையாட்டு. வேறு விளையாட்டு செய்வது குற்றமில்லை, பழைய பெயரில் விற்பதுதான் உறுத்துகிறது. சட்டமும் நடுவில் வரும். தம் விதிகளை வைத்துப் பிறரும் எழுதலாம் என்று 2000-இல் கொடுத்த திறந்த உரிமத்தை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கம்பெனிக்காரர்கள் 2023 ஜனவரியில் மாற்றப் பார்த்து, எதிர்ப்பு வலுத்ததும் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தலாம் என்று அந்த மாதமே வெளியிட்டார்கள்.

மறுபடி தங்க வயலுக்கு வருவோம். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டபின் ஊர் இளைஞர்கள் விடிகாலை ரயிலேறிப் பெங்களூர் போய் வருகிறார்கள். அங்கே வார இறுதிகளில் இந்தப் பகடை மேசைகளும் கூடுகின்றன. தமிழிலேயே இப்படி ஒரு விளையாட்டை யாராவது எழுதத் தொடங்கினால் முதல் பதிப்பிலேயே அளவுகோலைத் தீர்மானித்துவிடட்டும், பிறகு எதை வேண்டுமானாலும் திருத்தலாம். நாட்டு முறைச் சதுரங்கத்தைத் தம் தெருவில் எப்படி ஆடினார்கள் என்று சொல்லக்கூடியவர்கள், 29 காலத்துக் கேரம் விதிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல், இந்த ஊரில் இந்த விதி என்று ஒரு தாளில் எழுதி உள்ளே செருகி வையுங்கள்.