ஷெகினா: சொல்லின் பாலும் தத்துவத்தின் பாலும்

யூத சமயத்தில் இறைவனது சாந்நித்தியத்தைக் குறிப்பது 'ஷெகினா' என்னும் சொல். உறைதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்த இச்சொல் எபிரேய வேதத்துள் காணப்படுவதில்லை. தால்முத் முதலிய பிற்கால நூல்களிலேயே பயில்கின்றது. இசுரவேலர் நாடு கடத்தப்பட்ட இடந்தோறும் ஷெகினாவும் உடன் சென்றது என்பது தால்முதின் கூற்று.

இதனைப் பெண்தெய்வமாகக் கொள்வர் ரபேல் பட்டாய். 1967இல் வெளிவந்த அவரது 'எபிரேயப் பெண்தெய்வம்' என்னும் ஆங்கில நூல், பண்டைய அஷேரா வழிபாடு முதல் கபாலா ஈறாக ஒரே மரபு தொடர்வதாக நிறுவ முயல்கின்றது. அஷேரா வழிபாடு நிலவியமைக்கு அதனைக் கண்டிக்கும் வேத வாக்கியங்களே சான்றாதலின் அப்பகுதி வலிமையுடையது. தால்முதைப் பற்றிய பகுதி அத்தகையதன்று. சொல் பெண்பாலாயிருத்தல் அங்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. வடமொழியில் மனைவியைக் குறிக்கும் 'தார' சப்தம் ஆண்பால். ஆண் தெய்வங்களையும் குறிக்கும் 'தேவதா' சப்தம் பெண்பால். சொல்லின் பால் பொருளின் பாலை நிச்சயிப்பதில்லை. எபிரேயத்திலும் ஞானம், தோரா என்பன பெண்பாற் சொற்களே.

நீதிமொழிகளுக்கு எழுந்த மித்ராஷில் ஷெகினா இறைவன் திருமுன் நின்று பேசுவது பட்டாயின் பக்கத்திற்கு வலிய சான்று. எனினும் அந்நூல் தால்முதுக்குப் பிற்பட்டது. ஆங்கும் பெண்மை வற்புறுத்தப்படவில்லை. தால்முதில் ஷெகினா இறைவனின் வேறன்று என்னும் கெர்ஷோம் ஷோலமின் முடிபே பொருந்துவது.

பெண்மை புகுந்த இடம் வேறு. ஷெகினாவைப் படைக்கப்பட்ட ஒளியாகக் கொள்ளலாம் என்றார் 12ஆம் நூற்றாண்டினரான மைமானிடீஸ். அவ்வாறாயின் அதனை நோக்கிய துதி படைப்பை வணங்குவதாய் முடியும் என 13ஆம் நூற்றாண்டில் நாக்மானிடீஸ் தம் ஆதியாகம வியாக்கியானத்தில் மறுத்தார். அவர் சார்ந்த கபாலா மரபு ஷெகினாவை இறைவனுள்ளேயே, பத்து செபிரோத்துகளுள் இறுதியாக வைத்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் பிரான்சில் வெளிப்பட்ட பாஹிரில் அது அரசகுமாரியாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் தோன்றிய சோஹரில் அரசியும் மணமகளுமாயிற்று.

ஆகவே வியாக்கியானம் கண்ட பொருளை மூலத்தின் மேல் ஏற்றியது பட்டாயின் குறை. பிற்பட்டது என்பதனாலேயே அப்பொருளை வெறுங்கற்பனையென ஒதுக்குவதும் குறையே. இறைவன் பிரபஞ்சத்தைக் கடந்தவனாயிருந்தே அடியாரோடு நாடிழந்து உடன்வருவது எங்ஙனம் என்னும் வினா தால்முதிலேயே உளது. பெண்மை அதற்குக் கபாலா உரைத்த விடை.