புலி அம்மா புத்தகமும் பிள்ளைகளின் பதிலும்

ஏமி சுவா எழுதிய 'பேட்டில் ஹிம் ஆஃப் தி டைகர் மதர்' 2011-ல் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர், இரண்டு மகள்களுக்கு அம்மா. தோழி வீட்டில் இரவு தங்கக் கூடாது, டிவி கூடாது, பியானோ, வயலின் தவிர வேறு வாத்தியம் கூடாது. இதுதான் சீன வளர்ப்பு என்கிறார். தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்வதால் படிக்க சுவாரசியம்தான். ஆனா இதைக் காட்டி "கண்டிப்புதான் ஆசியப் பாசம்" என்று வாதாடுவதில்தான் எனக்குச் சிக்கல்.

இந்த வாதத்துக்குத் துணையாக இழுக்கப்படுவது ரூத் சாவ் 1994-ல் வெளியிட்ட ஆய்வு. சீன மொழியின் 'குவான்' என்ற சொல்லுக்கு அடக்கி ஆள்வது, அக்கறையாகப் பார்த்துக்கொள்வது என இரண்டு அர்த்தமும் உண்டு. அமெரிக்க அளவுகோலில் சர்வாதிகாரமாகப் பதிவாவது, சீனக் குடும்பத்தில் பயிற்சியாக இருக்கலாம் என்றார் அவர். நம்ம 'கண்டிப்பு'ம் கிட்டத்தட்ட அப்படித்தானே? நல்ல வாதம். ஆனா அவர் கேள்வி கேட்டது யாரை? குடியேறிய சீனர்கள் 50, ஐரோப்பிய வம்சாவளியினர் 50, எல்லாருமே அம்மாக்கள். பிள்ளைகள் பள்ளி வயதுகூட ஆகாதவர்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகளையே கேட்டவர்கள் ரோனரும் பெட்டெங்கிலும். 1985-ல் வந்த அவர்களின் ஆய்வில், கொரியாவில் வளரும் பிள்ளைகள் பெற்றோரின் கட்டுப்பாட்டைப் பாசத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். அமெரிக்காவில் வளரும் கொரியப் பிள்ளைகளிடம் இது தலைகீழ்! கட்டுப்பாடு கூடினால் பாசம் குறைவாகத் தெரிந்தது. இன்புட் ஒன்றுதான், அவுட்புட் வேறு. வம்சாவளி மாறவில்லை, சுற்றியுள்ள வீடுகள் மாறிவிட்டன. கூடப் படிக்கிறவன் வீட்டை வைத்துத்தான் பிள்ளை தன் வீட்டை அளக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அப்படியானால், "நாங்க அப்படித்தான் வளர்ந்தோம்" என்பது வேறு ஊரில், வேறு காலத்தில் வளரும் பிள்ளைக்குப் பதிலாகாது.

சரி, புலி வளர்ப்பு பலன் தருகிறதா? சு யங் கிம் குழுவினர் 444 சீன அமெரிக்கக் குடும்பங்களை 8 ஆண்டுகளில் மூன்று முறை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிகம் தென்பட்டது ஆதரவான பெற்றோர்தான், புலிகள் அல்ல. புலிப் பெற்றோரிடம் பாசமும் உண்டு. கத்துவது, அவமானப்படுத்துவதும் உண்டு. ஆதரவான வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவர்களின் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைவு, மனச்சோர்வு அதிகம், பெற்றோரிடம் ஒட்டாத தன்மையும் அதிகம். இது காரணத்தை நிரூபிக்காது, தொடர்பை மட்டுமே காட்டுகிறது. ஆனாலும் "கண்டிச்சாத்தான் படிப்பு வரும்" என்கிற நம்பிக்கையை இது ஆட்டிப்பார்க்கிறது.

இத்தனைக்கும் சுவாவின் புத்தகத்திலேயே பதில் இருக்கு. மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் ஒரு காஃபே. 13 வயது இளைய மகள் லுலு அம்மாவைப் பார்த்துக் கத்தி, கண்ணாடி டம்ளரை உடைக்கிறாள். சுவா இறங்கிவருவது அதற்குப் பிறகுதான். புத்தகம் முழுக்க அம்மாவின் குரல். மகளின் குரல் அதை மீறி வெளியே வருவது இங்கேதான். படிக்கப்போகிறவர்கள் இந்த அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, முன்பக்கத்து விதிகளுக்குப் போங்கள்.