ஆளுநர் மாளிகையும் மறைந்துபோன எழுவாயும்

பண்டார் தெங்காராவிலிருந்து தெற்கே சென்று ஜொகூர் நீரிணையைக் கடப்போர், சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு மாளிகையின் நுழைவாயிலைக் காண்பர். இன்று அந்நாட்டு அதிபரின் மாளிகையாக விளங்கும் இஸ்தானா அது. 1869இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநருக்கு உறைவிடமாக அது கட்டிமுடிக்கப்பெற்றது. நாம் இங்குக் கையாண்ட செயப்பாட்டுவினையே இக்கட்டுரையின் சிக்கலாகும். கட்டியவர் யார்?

1867 ஏப்ரல் 1 அன்று நீரிணைக் குடியேற்றங்கள் பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சிக்குட்பட்டன. முதல் ஆளுநராகிய ஹாரி ஓர்ட், பிரின்செப்பின் சாதிக்காய்த் தோட்ட நிலத்தில் இம்மாளிகையை எழுப்ப முனைந்தார். வடிவமைத்தவர் குடியேற்றப் பொறியாளர் மெக்னேர். நீரிணையின் வடகரையில், ஜொகூரின் அபு பக்கார் தம் பெரிய அரண்மனையை 1866இலேயே எழுப்பியிருந்தார். புதிய ஆட்சியும் தன் மாட்சியைக் கட்டடத்தால் உணர்த்த விழைந்தது எனலாம்.

மாளிகையின் நடுவே 28 மீட்டர் உயரக் கோபுரப் பகுதி அமைந்துள்ளது. டோரிக், அயோனிக், கொரிந்தியன் முறைத் தூண்கள் ஐரோப்பியச் செவ்வியல் மரபைச் சார்ந்தவை. ஆயினும், அகன்ற தாழ்வாரங்களும் காற்றோட்டத்திற்கேற்ற சட்டப் பலகைச் சன்னல்களும் வெப்பமண்டல வாழ்வறிவின் விளைவுகள். எனவே, இதனை ஐரோப்பியக் கலையின் நகல் என்று மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது.

இம்மாளிகையின் கட்டுமானத்தில் உழைத்தோர் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் சிங்கப்பூருக்கு வந்த அவர்கள், செங்கல் அறுத்தனர், கல் உடைத்தனர், தச்சுவேலை செய்தனர். 1862இல் புனிதப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயமும் அவர்கள் உழைப்பே. அங்குப் பூசப்பட்ட 'மதராஸ் சுண்ணம்' என்னும் சாந்தின் பெயரே அத்தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று பகரும். மெக்னேர் பொறியாளர் மட்டுமல்லர், கைதிகளின் கண்காணிப்பாளருமாவார். பேலிஸுடன் இணைந்து 1899இல் அவர் வெளியிட்ட நூல், கைதிகளின் தொழில்திறனை விரிவாகவே பதிவு செய்கிறது. ஆகவே, சான்று இல்லாமையால் இவ்வுழைப்பு மறக்கப்பட்டது என்று கூறுவதற்கில்லை.

எனினும், எதிர்த்திசைப் பிழையும் உண்டு. இம்மாளிகையைத் 'தமிழர் கட்டினர்' என்று உரிமை கொண்டாடுவது எளிது. கைதிகள் சென்னை மாகாணத்திலிருந்து மட்டுமன்றி, வங்காளம், பம்பாய் முதலிய பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். ஒருவர் உழைப்பை மறைத்த வரலாற்றைத் திருத்தப் புகுந்து, மற்றொருவர் உழைப்பை நாம் மறைத்தல் ஆகாது. இன்னும் ஒன்று: அவர்கள் விரும்பி வந்த கலைஞர்கள் அல்லர், தண்டனையாக உழைத்தவர்கள். பெருமிதம் அவ்வுண்மையை மூடிவிடக் கூடாது.

தீபாவளியையொட்டி இஸ்தானாவின் வாயில்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவது வழக்கம். மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், 'கட்டப்பட்டது' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் எழுவாயைத் தேடச் செய்யலாம். இலக்கணப் பாடமும் வரலாற்றுப் பாடமும் அவ்விடத்தில் ஒன்றாகும் என்பது நம் துணிபு.