ஊர் இல்லாதவர் எந்த ஊரை விட்டுப் போவார்?

'பல பண்பாட்டு அடையாளம்' என்கிற சொல்லாடல் இப்போது ரொம்பப் புழங்குகிறது. அமெரிக்கா போன இந்தியர் இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் தவிக்கிறாராம். கோவில், பரதம், சைவச் சாப்பாடு ஒரு பக்கம். அந்த நாட்டு வாழ்க்கை மறுபக்கம். நான் கேட்பது ஒன்றுதான். முதல் பக்கத்தில் இருப்பது யார் பண்பாடு? பறையும் மாட்டுக்கறியும் அந்த மூட்டையில் ஏன் ஏறவில்லை?

இந்தக் கேள்வியோடுதான் சுஜாதா கிட்லா 2017இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'யானைகள் நடுவே எறும்புகள்' நூலைப் படித்தேன். ஆந்திரத்தின் மாலா சாதியில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 26 வயதில் அமெரிக்கா போனார். நூல் வந்தபோது நியூயார்க் சுரங்க ரயிலில் கண்டக்டர். நூலின் பெரும்பகுதி அம்மா மஞ்சுளாவையும் மாமா கே.ஜி.சத்தியமூர்த்தியையும் பற்றியது. 'சிவசாகர்' என்ற பெயரில் கவிதை எழுதிய இந்த மாமா, மக்கள் யுத்தக் குழுவை 1980இல் உருவாக்கியவர்களில் ஒருவர். கட்சிக்குள்ளேயே சாதியைப் பேசி வெளியேற்றப்பட்டவர்.

வீட்டில் இருந்தவரை இதெல்லாம் வெறும் வாழ்க்கை, நாடு கடந்த பிறகுதான் கதையானது என்கிறார் கிட்லா. இந்தப் பிரதியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இங்கே நம்ம சாதி எல்லாருக்கும் தெரியும், யாரும் கதை கேக்கமாட்டாங்க. அங்கே வெள்ளைக்காரருக்குத் தெரியாது, சொல்லியாக வேண்டும். சொன்னால் சிலருக்கு அது வேடிக்கை. இந்தியர்களோ குடும்பப் பெயர், சொந்த ஊர், சாப்பாடு என்று சுற்றி வளைத்து மோப்பம் பிடிக்கிறார்கள். வெள்ளையருக்கு அவர் 'இந்தியர்', இந்தியருக்கு அவர் 'மாலா'. இதில் எங்கே இருக்கிறது பண்பாட்டுச் சங்கமம்?

குறையும் உண்டு. அமெரிக்க வாழ்க்கை முன்னுரையோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கறுப்புத் தொழிலாளர்களோடு தோளோடு தோள் நிற்கிற வேலை அது. அங்கே என்ன உறவு பிறந்தது, என்ன உரசல் வந்தது? அதைத்தான் நாம் படிக்க வேண்டியிருந்தது. வெள்ளை வாசகருக்கு இந்தியாவை விளக்குகிற அவசரத்தில் அது நழுவிவிட்டது.

ஆனாலும் நூல் கிளப்பும் கேள்வி இன்று தெருவுக்கு வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். மசோதா இந்துக்களைக் குறிவைக்கிறது என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். சாதியைக் கேட்டால் பண்பாட்டைக் காட்டி மறைத்துக்கொள்வது! இந்துக்கள் போகுமிடமெல்லாம் சாதியும் போய் உலகப் பிரச்சினையாகும் என்ற கேட்கரின் கணிப்பை, 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எடுத்துக்காட்டினார் அம்பேத்கர்.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இன்னொன்றும் உறைக்கிறது. வெளிநாட்டுத் தமிழ் மேடைகளில் கணியன் பூங்குன்றன் பாட்டை முழங்காத பேச்சாளர் குறைவு. ஊர் வேறு, சேரி வேறு என்று ஆக்கி வைத்தவர்கள் எல்லா ஊரையும் சொந்தம் கொண்டாடலாம். நாம் புலம்பெயரும்போது எந்த ஊரையும் விட்டுப் போவதில்லை. ஊர்தான் நம்மைத் துரத்திக்கொண்டு பின்னாலேயே வருகிறது. இதைச் சொல்லாத புலம்பெயர் இலக்கியம் பாதி இலக்கியம்தான்.